கம்ப்யூட்டர்ல இருந்தவரு எங்க போனாரு?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. தொழில் அனுபவத்தைப் பேசச் சொன்னாங்க. லாபத்தைப் பத்தி எல்லாரும் பேசுவீங்க. நான் பட்ட ஒரு அவமானத்தையும், அதுல கத்துக்கிட்டதையும் சொல்றேன்.

குழுவில் 40 ஆயிரம் கடன் வாங்கி, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும் கலர் பிரிண்டர் ஒண்ணும் வச்சு, வீட்டுத் திண்ணையில ஜெராக்ஸ் கடை போட்டேன். அப்புறம் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிசாக்கித் தரவும் ஆரம்பிச்சேன். ஊர்ல ஒருத்தர் தவறிட்டா பதினாறாம் நாளுக்குள்ள மாலை போட ஒரு படம் வேணும். அதுக்கு டவுனுக்கு அலைய வேண்டாமேன்னு நினைச்சேன்.

ஒரு நாள் எங்க தெருப் பெரியம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் தவறி ஒரு வாரம். கையில இருந்தது அவங்க கல்யாணத்துல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும்தான். முகத்தைத் தனியா எடுத்து, கீறலை எல்லாம் சரி பண்ணித் திரையில காட்டினேன். பெரியம்மா பார்த்துட்டு, "நேர்ல வந்து உக்காந்த மாதிரி இருக்கு தாயி"ன்னு அழுதுட்டாங்க.

பிரிண்ட் போட்டேன். முகம் ஒரே இருட்டு. கண்ணு எங்கன்னே தெரியலை. போதாக்குறைக்கு லேசாப் பச்சை. நாலு போட்டோ தாள் வீணாச்சு. பெரியம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கம்ப்யூட்டர்ல இருந்தவரு எங்க தாயி போனாரு?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை.

மறுநாள் காலையில முதல் பஸ் பிடிச்சு டவுன்ல தெரிஞ்ச ஸ்டுடியோ அண்ணன்கிட்டப் போனேன். பிலிம் காலத்துல இருந்து தொழில் பண்றவர். அவர் சொன்னது: "திரைக்குச் சொந்த வெளிச்சம் இருக்கும்மா. தாளுக்கு இல்லை. மேல விழுற வெளிச்சத்தைத்தான் தாள் திருப்பிக் காட்டும். நீ திரையைத் தாளுக்கு இறக்கணும்." அவர் சொன்னதை வச்சு நான் இப்ப செய்யுறதைச் சொல்றேன்.

முதலாவது, திரையோட பிரைட்னஸ். நான் 100-ல வச்சிருந்தேன். அதனால இருட்டா இருந்த படமும் எனக்கு வெளிச்சமாத் தெரிஞ்சது. இப்ப திரையில ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்துல வெறும் போட்டோ தாளைப் பிடிப்பேன். ரெண்டு வெள்ளையும் ஒண்ணு போலத் தெரியுற வரைக்கும் பிரைட்னஸைக் குறைப்பேன். என் திரையில அது 40 கிட்ட வந்து நிக்குது. உங்க திரைக்கு வேற மாதிரி இருக்கலாம்.

ரெண்டாவது, கட்டப் பட்டை. கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் படிப்படியா 11 கட்டம் போட்டு, அதே தாள்ல பிரிண்ட் எடுக்கணும். கம்ப்யூட்டர் கணக்குல முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. திரையில 11 கட்டமும் தனித்தனியாத் தெரிஞ்சது. தாள்ல முதல் மூணு கட்டமும் ஒட்டி ஒரே கறுப்பாயிடுச்சு. அந்த ஐயாவோட கண்ணும் மீசையும் அந்த மூணு கட்டத்துக்குள்ளதான் மாட்டிக்கிச்சு! அதனால பிரிண்டுக்கு முன்னாடி லெவல்ஸ்ல நடு அம்பை நகர்த்தி, இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுவேன். எவ்வளவு நகர்த்தினேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

மூணாவது, பச்சை. என் பிரிண்டர் போட்டோ தாள்ல சாம்பல் நிறத்தைக் கலர் மைகளையும் கலந்துதான் உண்டாக்குது. ஒரு மை சரியா இறங்கலைன்னா பச்சையோ ரோஸோ அடிக்கும். முதல்ல நாசில் செக் போட்டு, எல்லா மையும் வருதான்னு பார்க்கணும். எந்தத் தாள் வச்சிருக்கோமோ அதே தாளோட பேரை பிரிண்டர் செட்டிங்லயும் குடுக்கணும். நான் போட்டோ தாளை வச்சுட்டு சாதாத் தாள்னு குடுத்திருந்தேன்.

நாலாவது, பார்க்குற இடம். எடுத்த உடனே முடிவு பண்ணக் கூடாது, மை காயணும். டியூப்லைட்ல ஒரு மாதிரியும் பகல் வெளிச்சத்துல ஒரு மாதிரியும் தெரியும். நான் வாசல் நிழல்ல வச்சுப் பார்ப்பேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நமக்குத் தெரியாததா? கண்ணு மூக்கு வர்ற இடத்தை மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள்ல போட்டுப் பார்க்கணும். இருட்டறையில பிலிம் கழுவின காலத்துலயும் இப்படித் துண்டு போட்டுப் பார்த்துட்டுத்தான் முழுத் தாளைத் தொடுவாங்களாம்.

பெரியம்மாவுக்கு மறுபடி போட்டேன். ரெண்டு துண்டு, அப்புறம் ஒரே ஒரு முழுத் தாள். படம் வாங்க வந்த அவங்க மகன், "அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்கக்கா"ன்னாரு. பெரியம்மா விடலை. "வெயில்ல உழைச்சுக் கறுத்த மனுஷன்டா, அவர் நெறத்துலயே இருக்கட்டும்"னாங்க. கறுத்த முகத்துல கண்ணும் சிரிப்பும் தெரிய வைக்கிறதுதான் நம்ம வேலை, ஆளை மாத்துறது இல்லைன்னு அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன். வீணான தாளுக்கு நான் காசு வாங்கலை.

சகோதரிகளே, குழுவில பணம் கட்டிட்டேன்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டோம். நோட்டுல வரவு ஏறி இருக்கான்னுதான் பார்ப்போம். திரையில தெரியுறது வாய்ப்பேச்சு. தாள்ல வர்றதுதான் வரவு. நாம காசு வாங்குறது தாளுக்குத்தான்.

இப்ப மாசத் தவணை தவறாமக் கட்டுறேன். இந்தத் தொழில் செய்ய நினைக்கிறவங்க என் கடைக்கு வாங்க. அந்தக் கட்டப் பட்டையைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், காட்டுறேன்.