பெரிய டிரம் வாங்கினால் போதுமா?



மேடையில் நெஞ்சு அதிர முழங்கும் டிரம், ஒலிப்பதிவில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்பதுண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதல் பாடலைப் பதிவு செய்யும் இளைஞர்கள், "இதைவிடப் பெரிய டிரம் வாங்குவோம்" என்று அப்போது முடிவெடுக்கிறார்கள். அந்தச் செலவு தேவைதானா?

அளவுக்கு ஒரு பங்கு உண்டு. ஒரே வகைத் தோலை ஒரே இறுக்கத்தில் கட்டினால், குறுக்களவு இரு மடங்காகும்போது அதிர்வெண் பாதியாகக் குறையும். அதனால் பெரிய டிரம் இயல்பாகவே தாழ்ந்து ஒலிக்கும். சிறிய டிரம்மை அந்த ஆழத்துக்கு இறக்கத் தோலைத் தளர்த்தினால் நாதம் செத்துவிடும்.

ஆயினும் சுருதியும் இடமும் சேர்ந்தே ஒலியை உருவாக்குகின்றன. லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் வாசித்தது 26 அங்குல பாஸ் டிரம். இவ்வளவு பெரிய டிரம்மின் தோலை அவர் தளர்த்தவில்லை, இறுக்கியே வைத்தார். 1971இல் வெளிவந்த "வென் தி லெவீ பிரேக்ஸ்" பாடலுக்காக, இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில் டிரம்மை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் உயரத்திலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டார். இறுக்கிய தோலின் நாதமும் கூடத்தின் முழக்கமும் கலந்து பதிவாயின. எதிரொலிக் கருவியும் துணை நின்றது.

இதற்கு நேர்மாறானது பீட்டில்ஸ் குழுவின் வழி. 1966இல் ரிங்கோ ஸ்டாரின் 22 அங்குல பாஸ் டிரம்முக்குள் கம்பளிச் சட்டை ஒன்றைத் திணித்து, ஒலிவாங்கியை மிக அருகில் வைத்தார் ஜெஃப் எமரிக். நீண்ட அதிர்வு அடங்கி, அழுத்தமான அடி மட்டும் பதிவானது. டிரம் பெரிதாகவில்லை, ஒலி கனமானது.

இன்று பலரும் பாடல் கேட்பது கைப்பேசியில். அதன் சிறிய ஒலிபெருக்கியில் 60 ஹெர்ட்ஸ் அளவிலான ஆழ்ந்த ஒலி அநேகமாகக் கேட்பதே இல்லை. அடி விழும் சத்தமும் மேல் நாதங்களுமே காதை எட்டும்.

எனவே, கடைக்குப் போகுமுன் சுருதிச் சாவியைக் கையில் எடுக்கலாம். ஒவ்வொரு திருகாணியின் அருகிலும் தோலை மெல்லத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை திருகலாம். பாஸ் கிட்டாரோடு சேர்த்து வாசித்து, பதிவு செய்து கேட்கலாம். ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடியும் கேட்கலாம். இதற்குக் காசு தேவையில்லை. பொறுமையும் கூர்ந்த செவியும் இருந்தால் போதும்.