உள்ளம் நலிந்தால் உடலும் நலியும்

(இளம் அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது நம் நிர்வாகத்தின் நெடுநாள் வழக்கம். 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமோ உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றின் நலனும் இணைந்ததே ஆரோக்கியம் என்கிறது.

தலைவலி, உறக்கமின்மை, அசதி என ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுவோரில் சிலருக்கு மனச்சோர்வே மூல காரணம். வலி மாத்திரையுடன் திரும்பும் அவர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனர். அன்றைய கூலியையும் இழக்கின்றனர். நீரிழிவு நோயாளர்களிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட மிகுதி. சோர்வுற்றவர் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிட, சர்க்கரை மேலும் ஏறுகிறது.

இதற்கான வழி நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டதாகும். 1970-களில் பெங்களூரை அடுத்த சகலவாராவிலும் ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணியிலும் அடிப்படை சுகாதாரப் பணியுடன் மனநல சிகிச்சை இணைக்கப்பட்டது. அவ்வனுபவத்தின் துணையுடன் 1982-இல் தேசிய மனநலத் திட்டம் தோன்றியது. 1996 முதல் மாவட்டங்களுக்கு விரிந்தது. ஆயினும், 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை எட்டாதோர் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு.

ஆய்வுக் கூட்டங்களில் மாத்திரை இருப்பின் கணக்கை நான் தவறாது கேட்டதுண்டு. “உறக்கம் வருகிறதா?” என்று நோயாளியிடம் வினவினீர்களா என ஒருமுறையும் கேட்டதில்லை. அது என் குறையே. நாளை பொறுப்பேற்கும் நீங்கள் அதைக் கேளுங்கள். அக்கேள்விக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.