ஐஸ் கோப்பியும் கணக்கில் வராத நேரமும்

(உடுவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருதனார்மடம், உடுவில், சுன்னாகம் என்று வெயிலில் அலைந்து களைத்தவர் கூல்பாரில் ஏறினால் ஐஸ் கோப்பி கேட்பார். கேட்ட உடனே கிளாஸ் மேசைக்கு வரும். ஆனால் அதற்கான வேலை முதல்நாள் இரவே தொடங்கிவிடுகிறது. அந்த இரவு வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கோப்பி எங்களுக்குப் புதிதல்ல. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த எங்கள் மூதாதையர் உழைத்தது கோப்பித் தோட்டங்களில். 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, கோப்பி அழிந்த பிறகே மலையெங்கும் தேயிலை பரவியது. இன்று தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடாததால் எங்கள் பிள்ளைகள் ஊர் ஊராகக் கடை வேலைக்குப் போகிறார்கள்.

ஐஸ் கோப்பி எப்படிச் செய்கிறார்கள்? பாலும் ஐஸும் சேரும்போது சுவை இறங்கும். அதனால் கோப்பியைக் கடுஞ்சாயமாக வடிக்க வேண்டும். சீனியைச் சூட்டிலேயே கரைக்க வேண்டும். ஆறிய பிறகு போட்டால் அடியில் தங்கிவிடும். ரின்பாலும் பாலும் கலந்து, வனிலா சில துளி விட்டு, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். சூட்டோடு ஐஸ் போட்டால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

ஆகவே கடை பூட்டிய பிறகும் ஒருவர் நின்று வடிக்கிறார், ஆற்றுகிறார், பால் பாத்திரங்களை மணம் போகக் கழுவுகிறார். இதை “சின்ன உதவி” என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமா? தோட்டத்தில் முழுநாள் உழைப்புக்கு அரைப் பேர் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. மேலதிக வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது.

நாங்கள் கடைக்காரருக்கு எதிரிகள் அல்லர். கடை நன்றாக ஓடினால்தான் வேலையும் நிலைக்கும். ஆனால் பாலுக்கும் சீனிக்கும் ஐஸுக்கும் கணக்கு வைப்பவர், தொழிலாளியின் நேரத்துக்கும் கணக்கு வைக்கட்டும்.

தம்பி, தங்கச்சிமாரே, வேலைக்கு வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் நாளாந்தம் எழுதி வையுங்கள். முதலில் முதலாளியிடம் பேசுங்கள். தீராவிட்டால் சங்கத்திடம் வாருங்கள். தொழில் திணைக்களத்துக்குச் சேர்ந்தே போவோம். அங்கே அந்தக் குறிப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். கோப்பி வடிக்கிற கை கொப்பியிலும் எழுதட்டும்!