போதையில்லாத எண்ணெய், பதிவில்லாத புட்டி

பந்திங்கில் ஃபார்மசி முகப்பில் நின்று பல வருசமாக மக்களோடு பேசி வருகிறேன். இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. “தம்பி, ஹட்யாய் போன மருமகன் ஓர் எண்ணெய் வாங்கி வந்தார். கஞ்சாச் செடிதானாம், ஆனா போதை இருக்காதாம். முட்டிவலிக்கும் தூக்கத்துக்கும் நல்லதாம். சாப்பிடலாமா?”

கேட்கும் அம்மாவைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இரவெல்லாம் வலியில் புரள்பவருக்கு ஆறுதல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வரட்டும் என்றுதான் தோன்றும். அதனால் அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இன்று கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

கஞ்சாச் செடியில் அதற்கே உரிய சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. போதை தருவதில் முதன்மையானது டி.எச்.சி. வலிப்பு மருந்தாகப் பேர் வாங்கியது சி.பி.டி. இவை இரண்டுக்கும் தாய்ச்சேர்மம் ஒன்று உண்டு, சி.பி.ஜி. என்ற இன்னொரு சேர்மத்தின் அமில வடிவம் அது. செடி வளர வளர அதைத்தான் மற்றவையாக மாற்றிக்கொள்கிறது. தூக்க எண்ணெய் என்று விற்கப்படும் சி.பி.என். கதை வேறு. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு டி.எச்.சி. பழசாகும்போது உருவாவது அது. போதை மிகக் குறைவுதான், ஆனால் அது பிறப்பது டி.எச்.சி.யிலிருந்து என்பதை யாரும் புட்டியில் எழுதுவதில்லை.

போதையில்லாதவை என்று விற்கப்படும் இவற்றில் உறுதியான சான்று எதற்கு இருக்கிறது? சி.பி.டி.க்கு, அதுவும் குழந்தைகளின் சில அரிய வலிப்பு நோய்களுக்கு. கஞ்சாவை வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்தது புதிதல்ல. 1839இல் கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற மருத்துவர், வலிப்பு வந்த கைக்குழந்தை ஒன்றுக்குக் கஞ்சாச் சாற்றுத் துளிகள் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் முறையான சோதனை வர வெகுகாலம் ஆயிற்று. டிராவே என்ற அரிய வலிப்பு நோயுள்ள 120 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் போன்ற போலி மருந்து பெற்றவர்களுக்கு அநேகமாக மாறவே இல்லை. மறு ஆண்டு அமெரிக்கா ‘எபிடியோலெக்ஸ்’ என்ற பெயரில் அந்த மருந்தை அனுமதித்தது.

அளவைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 300 மில்லிகிராம். முகப்பில் எனக்குக் காட்டிய ஒரு சின்னப் புட்டியில் மொத்தமே 300 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. அதில் பத்துச் சொட்டு போடுபவர் அந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க முடியாது. மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு எங்கோ இருக்கிறது.

சி.பி.ஜி.யும் சி.பி.என்.னும் இன்னும் ஆரம்பப் படியில்தான் நிற்கின்றன. 2020இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியை சி.பி.ஜி. எலிகளில் அடக்கியதைக் காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் எலிக்குக் கிடைத்த பலன் நம் முட்டிவலிக்கான உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்று. இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பத்தில் மூன்றில்தான் சீட்டில் உள்ள அளவு சரியாக இருந்தது. பதினெட்டில் டி.எச்.சி. இருந்தது. இது நம் மலேசியாவில் சாதாரண விசயம் இல்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் எல்லாப் பாகத்தையும் சேர்த்தே பார்க்கிறது. 15ஆம் பிரிவின் கீழ், உட்கொண்டதாக நிரூபணமானால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். 2023இல் கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனைதான் போனது, மரண தண்டனை போகவில்லை. எண்ணெயைத் தாய்லாந்தின் ஹட்யாயில் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது என்று புக்கிட் காயு ஈத்தாம் எல்லையில் காட்டிப் பயனில்லை.

2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், கஞ்சா எண்ணெய் வைத்திருந்த 29 வயது இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது நாடே பேசியது. அப்போதைய பிரதமர் மகாதீர் அத்தீர்ப்பு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்றார். அடுத்த மாதமே, அப்போது நம் கோலலங்காட் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த சேவியர் ஜெயக்குமார், மருத்துவக் கஞ்சாவைப் பற்றி அமைச்சரவையில் பேச்சு அடிபட்டதாகச் சொன்னார். 2021இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி, சட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இத்தகைய மருந்துகளைப் பதிவு செய்ய இடம் உண்டு என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார். கதவு முழுக்க மூடியில்லை என்பதுதான் இதில் எனக்குள்ள நம்பிக்கை. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலையும் தாய்க்கு, தரம் சோதித்த மருந்து நிபுணர் கையால் கிடைக்க வேண்டும். வாட்ஸ்அப் வியாபாரியிடம் அவர் போய் நிற்கும் நிலை வரக்கூடாது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில. மருந்துப் பெட்டியில் ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.யின் இணையத்தளத்தில் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். எண்ணே இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? பயந்து மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகள் சிதையும் வேகத்தைக் குறைக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். வலிப்பு மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் வரவில்லை, முட்டி வலிக்கிறது என்றால் பந்திங் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கிளினிக்கிற்கோ போங்கள், அம்மா. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், அந்த எண்ணெய்ப் புட்டிச் சீட்டின் படத்தையும் கொண்டு போங்கள்.