அப்புறம் சொல்றோம்னு சொன்னாங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, எந்தக் குழு தவணை பாக்கி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறோம். நம்ம பிள்ளைகளுக்கு வரவேண்டிய பதில் பாக்கி.

போன மாதம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு உறுப்பினர் சொன்னார்: "என் மக இன்டர்வியூ போயிட்டு வந்து நாப்பது நாள் ஆச்சு. ஒரு வாரத்துல சொல்றோம்னு சொன்னாங்க. அன்னையிலேர்ந்து போனை கையிலேயே வெச்சுக்கிட்டு இருக்கா. குளிக்கப் போனாக்கூட ஜன்னல்ல வெச்சுட்டு, 'அம்மா, மணி அடிச்சா எடும்மா'ன்னு சொல்லிட்டுப் போறா." அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "எங்க மருமகளும் அப்படித்தான் கெடக்கா" என்றார். எண்ணிப் பார்த்தோம். அந்தத் திண்ணையில் இருந்த 11 பேரில் 5 பேர் வீட்டில் இதே கதை.

இந்தப் பிள்ளைகள் யார்? நாம் ஆடு வாங்க, மாடு வாங்க கடன் எடுத்த மாதிரியே, குழுவில் கடன் எடுத்துப் படிக்க வைத்த பிள்ளைகள். வீட்டில் முதல் பட்டதாரி. அவர்களுக்கு ஒரு இன்டர்வியூ என்றால் குடும்பமே கிளம்புகிறது.

செலவுக் கணக்கு

ஒரு இன்டர்வியூவுக்குப் போய்வர என்ன ஆச்சு என்று அந்த அம்மாவிடமே கணக்குக் கேட்டோம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் அடுத்த மாவட்டத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் காசு வேண்டும். துணைக்கு அம்மா போனால் இரண்டு டிக்கெட். ஜெராக்ஸ், போட்டோ, மத்தியானச் சாப்பாடு. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மூன்று இடத்துக்குப் போய்வந்ததில் 2,700 ரூபாய். அதற்கும் குழுவில் உள்கடன்தான்.

இந்தப் பணத்தைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். போன நாட்களை யார் திருப்பித் தருவது? அந்தப் பெண்ணை நடுவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பெரிய கம்பெனியிலிருந்து பதில் வரப்போகுதே" என்று அவள் போகவில்லை. அந்த இடமும் நிரம்பிவிட்டது. வேலை இல்லை என்பது ஒரு கஷ்டம். வேலை உண்டா இல்லையா என்றே தெரியாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம்.

ஏன் பதில் வருவதில்லை?

இதைப் பற்றிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற சிலரிடம் விசாரித்தோம். அவர்கள் சொன்ன காரணங்கள் இவை. முதலில் தேர்வான ஆள் சேருவாரா மாட்டாரா என்று தெரியும்வரை அடுத்த இடத்தில் இருப்பவரிடம் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். கைவசம் வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் இன்டர்வியூ எடுப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் தலைமை அலுவலகத்தில் வேறொருவர். அந்தக் கையெழுத்து வர ஒரு மாதம்கூட ஆகும். சில இடங்களில் ஆர்டர் வந்தால் ஆள் எடுப்பார்கள், வராவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் தேர்வானவருக்கு மட்டும் போன் செய்வதே வழக்கமாகிவிட்டது.

இதில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பதில் வரவில்லை என்றால் "நீ லாயக்கில்லை" என்று அர்த்தம் இல்லை. பாதி நேரம் அந்தக் காரணத்துக்கும் நம் பிள்ளைக்கும் சம்பந்தமே இருக்காது.

நம் பக்கமும் சில தவறு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு பிரவுசிங் சென்டரில்தான் மெயில் ஐ.டி. திறந்து கொடுத்தார்கள். பாஸ்வேர்டு என்ன என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், அடுத்த சுற்றுக்கு வரச்சொல்லி வந்த கடிதம் அதில் கிடக்கிறது. தேதி எப்போதோ போய்விட்டது! இன்னொரு வீட்டில் விண்ணப்பத்தில் எழுதியது அப்பாவின் நம்பர். அந்த போன் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தது. ஆகவே விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த நம்பர், சொந்த மெயில் இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கட்டும். மெயிலில் ஸ்பேம் என்று ஒரு பகுதி இருக்கும். அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்களும் அதையே செய்தோம்

கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார எங்களுக்கு மனசு வரவில்லை. இதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சையே எடுத்தோம்.

போன வருஷம் நம் கூட்டமைப்புக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. உறுப்பினர்களின் பிள்ளைகள் 6 பேர் வந்தார்கள். நிர்வாகிகள் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டோம். எல்லோரிடமும் "அப்புறம் சொல்றோம்மா" என்று சொன்னோம். ஒரு பெண்ணைத் தேர்வு செய்து அவளுக்கு மட்டும் போன் போட்டோம். மற்ற 5 பேருக்கும் சொல்லவே இல்லை. மறந்தோம் என்று சொன்னால் அது பொய். "இல்லை" என்று சொல்ல சங்கடமாக இருந்தது. தெரிந்த குடும்பம், தினம் முகம் பார்க்கிறவர்கள். அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

அந்த 5 பேரில் ஒருத்தியின் அம்மா அதற்குப் பிறகு மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பினார். என்ன ஏது என்று கேட்க வீட்டுக்குப் போனோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே வேற இடம் தேடியிருப்பேன்க்கா. நம்ம ஆபீஸ்தானே, கண்டிப்பா கூப்பிடுவாங்கன்னு ரெண்டு மாசம் உக்காந்துட்டேன்."

எங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அந்த இரண்டு மாதத்தை எங்களால் திருப்பித் தர முடியாது. சங்கடப்படாமல் "இல்லை" என்று சொல்வதும் ஒரு மரியாதைதான் என்று அந்தப் பிள்ளை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

நாம் குழுவில் பதிவேடு எழுதுகிறோம் இல்லையா? அதே மாதிரி வேலை தேடுகிற பிள்ளைக்கும் ஒரு நோட்டு வேண்டும். போன தேதி, கம்பெனி பெயர், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு சொன்னார்கள், யாரைப் பார்த்தோம், எப்போது சொல்வதாகச் சொன்னார்கள் என்று எழுத வேண்டும்.

இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி கேட்கட்டும். முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும் சார்? போனில் சொல்வீர்களா, மெயிலிலா? நான் யாரிடம் விசாரிக்கலாம்? இதைக் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

சொன்ன தேதி தாண்டி மூன்று நாள் போகட்டும். பிறகு ஒரு தடவை விசாரிக்கலாம். "இன்ன தேதியில் இன்ன வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். முடிவு ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று இரண்டு வரி போதும். இன்னும் ஒரு வாரம் பார்த்து மறுபடி ஒரு தடவை. அதற்கும் பதில் இல்லையா? நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த இடம். கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்றை விடக்கூடாது. பணி நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை அது நம் வேலை இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. பதிவை 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"கல்யாணம் எப்போ? குழந்தை பிறந்தா வேலையை விட்டுடுவியா?" என்று இன்டர்வியூவில் கேட்டதாகச் சில பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ல் வந்த சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிள்ளை கூனிக்குறுக வேண்டியதில்லை. "வேலையை ஒழுங்காகப் பார்ப்பேன் சார்" என்று மட்டும் சொன்னால் போதும்.

அரசு வேலையும் ஏமாற்றுக்காரர்களும்

அரசு அலுவலகம் என்றால் கேட்க நமக்கு உரிமையே இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். பட்டியல் எப்போது வெளியாகும், எத்தனை இடம் நிரப்பினார்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தனியார் கம்பெனிக்கு இது பொருந்தாது.

காத்திருக்கிற வீட்டைத் தேடித்தான் ஏமாற்றுக்காரன் வருவான். "செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க, யூனிபார்முக்குப் பணம் போடுங்க" என்று போன் வரும். நாற்பது நாள் காத்திருந்த பிள்ளைக்கு அது தெய்வமே பேசுகிற மாதிரி இருக்கும். வேலை கொடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார், நம்மிடம் பணம் கேட்க மாட்டார். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

"இன்டர்வியூவுல நம்ம ஆள் இருக்கார், பணம் கொடுத்தா கவர்மென்ட் வேலை" என்பவனையும் நம்பாதீர்கள். மத்திய அரசில் குரூப் சி போன்ற பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். இல்லாத இன்டர்வியூவில் யார் ஆள் வைக்க முடியும்?

இன்றைய தீர்மானம்

நிர்வாகிகள் நாங்கள் இரண்டு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறோம். கேட்டுவிட்டு, சரி என்றால் கை தூக்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.

ஒன்று, இனிமேல் கூட்டமைப்பில் எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும், வந்த எல்லோருக்கும் 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். தேர்வாகாத பிள்ளைக்கும் நிர்வாகிகளில் ஒருவர் போன் செய்து, என்ன காரணம், எதில் இன்னும் தேற வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு, கடன் கேட்டு மனு கொடுத்த உறுப்பினருக்கும் அடுத்த கூட்டத்துக்குள் உண்டு, இல்லை, இன்ன தேதியில் என்று ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். "பாக்கலாம்" என்ற வார்த்தையை இனி நாங்கள் பதிலாகச் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் எழுந்து கேளுங்கள்.

கடைசியாக அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நாம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன கேட்கிறோம்? "போன் வந்துச்சா?" பக்கத்து வீட்டுக்காரரும் அதையே கேட்கிறார், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவும் அதையே கேட்கிறார். வந்திருந்தால் அந்தப் பிள்ளை ஓடிவந்து சொல்லியிருக்காதா? ஒவ்வொரு தடவை "இல்லை" என்று சொல்லும்போதும் அவள் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி தலை குனிகிறாள். "இதுக்குத்தான் அப்பவே கட்டிக் கொடுத்துடலாம்னு சொன்னேன்" என்று வேறு யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சை நாம்தான் தடுத்து நிறுத்த வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேளுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த நோட்டை எடு, அடுத்து எங்க போடலாம்னு பாப்போம்" என்று சொல்லுங்கள்.