தொலைவிலுள்ள கருவியும் திரும்பும் வழியும்

(திருப்பதியில் மாவட்ட அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் கணினி வலைப்பின்னலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அணை கட்டுவதோடு பாசனம் முடிந்துவிடுவதில்லை. மதகையும் வாய்க்காலையும் ஆண்டுதோறும் பேண வேண்டும். கிராமங்களை இணைக்கும் ஒளியிழைக்கும் இதுவே விதி.

2011-ல் தேசிய ஒளியிழை வலைப்பின்னலாக ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2023 ஆகஸ்டில் அதன் திருத்திய வடிவத்துக்கு மத்திய அரசு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. வட்டாரங்களிலும் ஊராட்சிகளிலும் ரௌட்டர்களை நிறுவுவதும், பத்தாண்டுப் பராமரிப்பும் அத்திட்டத்தின் பகுதிகளாகும். ரௌட்டர் என்பது, வந்து சேரும் தகவலை எவ்வழியில் அனுப்புவதென முடிவு செய்யும் கருவி. அதுவும் ஒரு கணினியே. அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தே ஆக வேண்டும்.

இருபுறமும் ஆபத்து

புதுப்பிக்காமல் விட்டால் என்ன நேரும்? 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. சித்தூர் உள்ளிட்ட ஆந்திர மாவட்டங்கள் சிலவற்றில் காவல்துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது! 2018-ல் கண்டறியப்பட்ட 'வி.பி.என்.ஃபில்டர்' என்னும் தீநிரலோ நேராக ரௌட்டர்களிலேயே புகுந்தது. 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகள் அதற்கு இரையாயின.

சரி, புதுப்பித்தால் மட்டும் ஆபத்தில்லையா? 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனம் தன் மைய வலைப்பின்னலை மேம்படுத்துகையில் செய்த ஒரு மாற்றத்தால், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். அவசர அழைப்புகளும் தடைப்பட்டன. பழுதைச் சீர்செய்ய வேண்டிய பொறியாளர்களும் அதே வலைப்பின்னலையே நம்பியிருந்ததால், அவர்களாலும் கருவிகளை எளிதில் அணுக இயலவில்லை. ஏறிய கிளையையே வெட்டிய கதைதான் இது.

குப்பம் வரையிலான சாலை

இதை நம் பகுதியில் வைத்துப் பாருங்கள். திருப்பதியிலிருந்து சித்தூர், பலமநேர் வழியாகக் குப்பம் செல்ல 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பலமநேருக்கு அப்பால் யானைகள் நடமாடும் காட்டுப்பகுதியும் உண்டு; இரவில் வண்டியை விரைந்து செலுத்த முடியாது. மேசையில் அமர்ந்தபடி ஒரு விசையைத் தட்ட ஒரு நொடி போதும். மறுமுனையில் கருவி விழிக்காவிட்டால், அந்த ஒரு நொடியின் விலை ஒரு முழு நாள்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மலையோரத்து அலுவலகம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். முந்திய இரவு தொலைவிலிருந்தே மென்பொருளைப் புதுப்பிக்கையில் மின்சாரம் நின்று, ரௌட்டர் முடங்கிவிட்டது. சான்றிதழுக்காக வந்திருந்த முதியவர் ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டு வந்ததாக என்னிடம் கூறினார். பொறியாளர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அப்பணிக்கு ஒப்புதல் அளித்த கோப்பில் என் கையொப்பமும் இருந்தது. பயணப்படி எவ்வளவு மிச்சமாகும் என்று அதில் கணக்கிட்டிருந்தோம். தவறினால் திரும்பும் வழி யாது என்று எவரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, கருவியில் இப்போதுள்ள அமைப்பு விவரங்களின் நகலை வேறோர் இடத்தில் சேமிக்க வேண்டும். புதிய மென்பொருள் பழுதின்றி வந்து சேர்ந்ததா என்பதை உற்பத்தியாளர் தரும் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட வேண்டும். நினைவகத்தில் இடமிருப்பின் பழைய மென்பொருளை அழிக்கலாகாது. அதுவே திரும்பும் வழி.

இரண்டாவதாக, அதே வகைக் கருவி ஒன்றைத் தலைமையிடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். பின்னர் அருகிலுள்ள ஓர் ஊராட்சி, அடுத்துச் சில ஊராட்சிகள், இறுதியிலேயே தொலைதூர இடங்கள் என்பது முறை.

மூன்றாவதாக, முதன்மை இணைப்பு அறுந்தாலும் கருவியை அணுக, கைப்பேசி இணைப்பின் வழியே தனிப் பாதை வேண்டும். குறித்த நிமிடங்களுக்குள் நாம் உறுதி செய்யாவிடில் தானே பழைய நிலைக்குத் திரும்பும் வசதி கருவியில் இருப்பின், அதைப் பயன்படுத்த வேண்டும். மின்கல இருப்பைச் சோதித்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

நான்காவதாக, காலத் தேர்வு. ஓய்வூதியம் வழங்கும் மாதத்தின் முதல் நாளும், திருப்பதியைப் பொறுத்தவரை பிரம்மோற்சவ நாட்களும் இதற்கு உகந்தவையல்ல. சனிக்கிழமை இரவு நல்லது. தவறினாலும் ஞாயிற்றுக்கிழமை கையிலிருக்கும். கோப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மறுதொடக்கத்தை மட்டும் இரவில் செய்யலாம். எந்த மணிக்குள் முடியாவிடில் கைவிட்டுத் திரும்புவது என்பதையும் முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, அறைச் சாவியுடன் ஒருவர் அவ்விடத்தில் இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டுமென்பது அவருக்குத் தெரிந்த மொழியில் தாளில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். மாற்றுக் கருவி ஒன்று திருப்பதியில் அன்றி, பலமநேர் போன்ற இடைவழி ஊரில் இருப்பது நலம்.

கணக்கில் வராத செலவு

மாணவர்களே, ஒருவர் செய்யும் செயலின் சுமையை வேறொருவர் தாங்குவதைப் பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்கிறோம். விசையைத் தட்டுபவருக்குப் பயணம் மிச்சம். தவறினால் கூலி இழப்பவரோ வரிசையில் நிற்கும் முதியவர். அவருடைய ஒரு நாள் கூலி எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அதை ஏற்றிக் கணக்கிட்டால், மாற்றுக் கருவியும் இரண்டாம் இணைப்பும் ஆடம்பரமாகத் தோன்றா.

அலுவலர்களுக்கு ஒரே வேண்டுகோள். இத்தகைய கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, "தவறினால் திரும்பும் வழி என்ன?" என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். விடை வந்த பின் கையொப்பமிடுங்கள்.