நாற்பதைத் தாண்டியவர்கள் பார்க்கவேண்டிய கணக்கு

மாரடைப்பு திடீரென்று வந்துவிட்டது என்கிறோம். ஆனால், அதற்குக் காரணமான அடைப்பு இரத்தக் குழாயில் பல ஆண்டுகளாகச் சேர்கிறது. ஆகவே, அபாயத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும்.

இதற்கு வழிகாட்டியது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரம். 1948-இல் தொடங்கிய ஆய்வில், அங்கு 5,209 ஆண்களும் பெண்களும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டனர். வயது, ஆணா பெண்ணா என்பது, மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அடுத்த 10 ஆண்டுகளில் இதயநோய் வரும் வாய்ப்பைக் கணிக்கலாம்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, "கொழுப்பு கொஞ்சம்தான் கூடுதல், இரத்த அழுத்தமும் கொஞ்சம்தான்" என்று ஆறுதல் அடைவது தவறு. சிறு துளி பெருவெள்ளம். எல்லாம் சேரும்போது அபாயம் பன்மடங்காகும்.

சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனவாரியாக இக்கணக்கு திருத்தப்பட்டுள்ளது. நம்மவர்களுக்கு இது மிக முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53; மற்றவர்களுக்கு 59.

பெண்களுக்குப் பொதுவாக மாரடைப்பு சுமார் 10 ஆண்டுகள் தாமதமாக வருகிறது. அதனால் 45 வயதுப் பெண்ணுக்குக் கணக்கில் குறைந்த விழுக்காடே தெரியும். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரிழிவு இருந்தால் அந்தப் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும். கர்ப்பக் காலத்தில் இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்ததா, 40 வயதுக்குமுன் மாதவிடாய் நின்றதா என்பன அட்டவணையில் இல்லை. கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்குமுன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குமுன் இதயநோய் வந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினாலே எச்சரிக்கை தேவை.

வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. புகையை நிறுத்தலாம், கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தலாம். 40 வயதானவர்கள் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கொழுப்பையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நல்லது.

கணவரை வற்புறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பும் மனைவியர் நம்மிடையே பலர். அடுத்த முறை இருவருமே கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.